தொடரும் கதைகளும் ஓடும் கார்களும்
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னர்ப் பேசிய அன்பர்கள் மரபின் தொடர்ச்சி குறித்தும் புதுக்கவிதையின் போக்குக் குறித்தும் செறிவான உரைகளை நிகழ்த்தி அமர்ந்துள்ளனர். அவற்றின்பின் என் தலைப்பு அறிவிக்கப்பட்டபோது முன்வரிசையில் சிலர் புன்முறுவல் பூத்தனர். பொம்மைப் படங்களின் இரண்டாம் பாகங்களும் கார்கள் மோதிக்கொள்ளும் படங்களும் இலக்கிய வட்டத்தில் பேசத்தக்கனவா என்று அப்புன்முறுவல் கேட்டது. கேட்கட்டும். பத்தாண்டுகளாக இம்மேடையில் பேசப்பட்டவை ஒருபுறமிருக்க, கூட்டம் கலைந்தபின் வாயிற்படியில் தேநீர்க் குவளையோடு நின்று பேசப்பட்டவை ஏராளம். அப்பேச்சில் யாப்பிலக்கணத்தைக் காட்டிலும் திரைப்படமே மிகுதியும் அடிபட்டது என்பதை உறுப்பினர் எவரும் மறுக்கமாட்டார். பேரப்பிள்ளைகளோடு அமர்ந்து பொம்மைப் படம் பார்த்துவிட்டு வந்து, அதைப் பற்றி முக்கால் மணி நேரம் ஓயாமல் பேசிய மூத்த கவிஞர்களும் நம்மிடையே உளர். பெயர் சொல்லமாட்டேன்.

இவ்விருவகைப் படங்களையும் ஒருசேர எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. முடிந்த கதையை மீண்டும் தொடர்வதும், நிற்கமாட்டாமல் ஓடுவதும் ஏறத்தாழ ஒரே நோயின் இரு குறிகள். எங்கே நிறுத்துவது என்பது கவிஞனுக்கும் உரிய கேள்வி. ஒருவர் விட்ட இடத்திலிருந்து தொடரும் உரிமை யாருக்கு உண்டு என்பது அதனினும் கடிய கேள்வி. நாம் ஏளனமாக நோக்கும் இப்படங்களுக்குள் அக்கேள்வி உயிரோடு கிடக்கிறது.

முதலில் வணிகத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். வால்ட் டிஸ்னி நிறுவனம் தன் அசைவூட்டப் படங்களுக்குத் திரையரங்கத் தொடர்ச்சி எடுக்க நெடுங்காலம் முற்படவில்லை. 1977-இல் வந்த எலிகளின் கதையொன்றுக்கு 1990-இல் எடுத்த 'தி ரெஸ்க்யூயர்ஸ் டவுன் அண்டர்' என்பதே அவ்வகையில் முதலாவது. 1994-இல் அலாவுதீன் கதையின் இரண்டாம் பாகம் திரையரங்கைத் தொடாமல் நேரே வீட்டு ஒளிநாடாவாக விற்கப்பட்டு, பெரும் பணம் ஈட்டியது. அத்தோடு மடை திறந்தது. சிங்க அரசனுக்கு இரண்டாம் பாகம், சிண்ட்ரெல்லாவுக்கு இரண்டாம் பாகம் என்று வரிசை கட்டி வந்தன. பெரும்பாலானவை குறித்துச் சொல்ல ஒன்றுமில்லை.

ஒன்றைப் பற்றி மட்டும் சற்று நின்று பேச விரும்புகிறேன். 1942-இல் வந்த 'பாம்பி' என்னும் மான்குட்டியின் கதையை உங்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். பனிக்காலத்தில் தாய்மான் வேடனின் துப்பாக்கிக்கு இரையாகிறது. துப்பாக்கியைக் காட்டுவதில்லை, வேடனைக் காட்டுவதில்லை, தாய் விழுவதையும் காட்டுவதில்லை. ஓசை மட்டும் கேட்கிறது. குட்டி பனியில் அலைந்து அழைக்கிறது. தந்தை மான் வந்து இரண்டொரு சொல் சொல்லி அழைத்துச் செல்கிறது. அடுத்த காட்சியில் வசந்தம், பறவைகள் பாடுகின்றன, குட்டி வளர்ந்த மானாகி நிற்கிறது. அவ்விரு காட்சிகளுக்கும் இடையே உள்ள வெற்றிடந்தான் அப்படத்தின் உயிர். தாயற்ற குழந்தை எவ்வாறு வளர்ந்தது என்பதைப் பார்ப்பவர் நெஞ்சு தானே நிரப்பிக்கொண்டது. அறுபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 2006-இல், 'பாம்பி 2' வந்தது. அது முந்தைய கதைக்குப் பின் நிகழ்வதன்று. அந்த வெற்றிடத்துக்குள் நிகழ்வது. தந்தை எவ்வாறு வளர்த்தது, குட்டி எவ்வாறு அஞ்சியது, எவ்வாறு துணிந்தது என்று அனைத்தும் விளக்கமாகச் சொல்லப்படுகிறது. ஓவியங்கள் அழகானவை, உழைப்பிலும் குறையில்லை. ஆயினும் ஒரு கவிதையின் இரண்டு அடிகளுக்கு நடுவே உரையாசிரியர் தம் பொழிப்புரையைச் செருகி, அதையும் பாட்டென்று அச்சிட்டுவிட்டதைப் போன்ற செயல் அது. உரை எழுதலாம், பாட்டின் வயிற்றுக்குள் எழுதலாமா?

தொடர்ச்சி என்பதே இழிவு என்று நான் சொல்லவில்லை. இரட்டைக் காப்பியங்களைப் போற்றும் மொழிக்காரர் நாம். சிலம்பில் ஓரத்தில் நின்ற மகளைச் சாத்தனார் நடுவில் நிறுத்தினார். நகரும் மாறிற்று, நெறியும் மாறிற்று, பசிப்பிணி என்னும் புதிய பொருள் புகுந்தது. கோவலனை மீண்டும் எழுப்பிக் கொண்டுவந்து இன்னொரு சிலம்பை விற்க அனுப்பவில்லை. திரையுலகம் பெரும்பாலும் அனுப்பிவிடுகிறது.

இனி 'டாய் ஸ்டோரி'க்கு வருகிறேன். முழுவதும் கணிப்பொறியிலேயே உருவான முதல் முழுநீளத் திரைப்படமாக 1995-இல் வெளிவந்தது அது. உட்டி என்னும் மாட்டுக்காரப் பொம்மையும் பஸ் என்னும் விண்வெளி வீரப் பொம்மையும் ஆண்டி என்னும் சிறுவனின் அறையில் வாழ்கின்றன. இரண்டாம் பாகத்தை முதலில் வீட்டு ஒளிநாடாவுக்காகத்தான் திட்டமிட்டனர். பிறகு திரையரங்கப் படமாக உயர்த்தினர். 1998-இல், எவரோ ஒருவர் தவறுதலாகத் தட்டிய ஒரு கட்டளையால், கணிப்பொறியிலிருந்த படத்தின் பெரும்பகுதி கண்ணெதிரே அழிந்துகொண்டே போயிற்று. காப்புப் படிகளும் பழுதுபட்டிருந்தன. கைக்குழந்தை இருந்தமையால் வீட்டிலிருந்தே பணியாற்றிய தொழில்நுட்ப மேற்பார்வையாளர் கேலின் சஸ்மனின் வீட்டுக் கணிப்பொறியில் ஒரு படி இருந்தது நினைவுக்கு வந்தது. அந்தப் பெட்டியைப் போர்வைகளால் சுற்றி, காரின் பின்னிருக்கையில் வைத்து, பச்சைப் பிள்ளையைக் கொண்டுவருவதுபோல் மெல்ல ஓட்டி வந்தனர். கார்ப் படங்கள் எதிலும் நான் அப்படியொரு கார்ப் பயணத்தைக் கண்டதில்லை.

இக்கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திக் கைதட்டிவிடுகின்றனர். இதன்பின் நடந்ததே முக்கியமானது. மீட்கப்பட்ட அந்தப் படம் நன்றாக இல்லை என்று அவர்களே முடிவு செய்தனர். 1999 நவம்பரில் வெளியீடு. கையில் ஏறத்தாழ ஒன்பது திங்கள். கதையை அடியோடு மாற்றி மீண்டும் எடுத்தனர். இரவும் பகலும் வேலை நடந்தது. மணிக்கட்டு நோவு கண்டவர் பலர். அந்நிறுவனத்தின் தலைவராயிருந்த எட் கேட்மல் 2014-இல் வெளியிட்ட நூலில் ஒரு நிகழ்ச்சியை எழுதுகிறார். கோடைக்காலத்தில் ஒருநாள், உறக்கமின்றித் தளர்ந்த ஓவியர் ஒருவர், வழியில் குழந்தைகள் காப்பகத்தில் விட்டுச்செல்ல எண்ணித் தம் கைக்குழந்தையைக் காரில் ஏற்றி வந்தார். காப்பகத்தை மறந்து நேரே அலுவலகம் வந்து வேலையில் அமர்ந்துவிட்டார். அங்கேயே பணிபுரிந்த மனைவி பின்னர் எதேச்சையாகக் கேட்டபோதுதான் நினைவு வந்தது. ஓடிச்சென்று பார்த்தால், வெயிலில் நின்ற காருக்குள் குழந்தை நினைவிழந்து கிடந்தது. குளிர்ந்த நீரை ஊற்றினர். நல்லூழ், பிழைத்துக்கொண்டது.

நண்பர்களே, அவர்கள் எடுத்துக்கொண்டிருந்த கதை எதைப் பற்றியது என்று எண்ணிப் பாருங்கள். குழந்தையின் அன்பு எவ்வளவு காலம் நிலைக்கும் என்பது கதை. ஜெஸ்ஸி என்னும் பொம்மையைத் தன் உயிராக வைத்திருந்த சிறுமி வளர்கிறாள். பொம்மை கட்டிலடியில் தூசியில் கிடக்கிறது. ஒருநாள் அவள் அதை எடுத்துக் காரில் வைக்கிறாள். பழைய அன்பு மீண்டது என்று பொம்மை பூரிக்கிறது. சாலையோரத்தில், தருமத்துக்கு அளிக்கும் பெட்டியில், அதை விட்டுவிட்டுப் போகிறாள். ஒரு பாட்டின் நேரத்துக்குள் இவ்வளவும் நடந்து முடிந்துவிடுகிறது. ராண்டி நியூமன் எழுதிய பாட்டு. பாடியவர் சாரா மெக்லாக்லன். கைவிடப்பட்ட பொம்மைக்காக உலகத்தையே கண்ணீர் விடவைத்த அந்த உழைப்பின் நடுவில் ஓர் உயிருள்ள குழந்தை காரில் மறக்கப்பட்டது. கலைக்காக எதையும் கொடுக்கலாம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். எதையும் என்பதற்குள் யார் யார் அடங்குவர் என்று கேட்டுக்கொள்வதில்லை. அந்நிகழ்ச்சியை மறைக்காமல் எழுதிய தலைவரைப் பாராட்டுகிறேன். படத்தை இன்றும் நான் விரும்பிப் பார்க்கிறேன். பார்க்கும்போது அந்த வாகன நிறுத்துமிடமும் நினைவில் வருகிறது. வரட்டும் என்றே விட்டுவிடுகிறேன்.

அதே படத்தில் உட்டியின் முன் ஒரு தேர்வு வைக்கப்படுகிறது. தோக்கியோவில் உள்ள அருங்காட்சியகத்துக்குச் சென்றால் கண்ணாடிப் பேழைக்குள் அழிவின்றி இருக்கலாம். ஆண்டியிடம் திரும்பினால் சில ஆண்டுகள் விளையாட்டு, பிறகு குப்பை. பேழைக்குப் போகலாம் என்று வற்புறுத்தும் கிழட்டுப் பொம்மை ஒருபோதும் தன் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கப்படாதது. எந்தக் குழந்தையின் கையும் படாதது. பொம்மைப் படம் என்று ஒதுக்குவோர் இந்தக் கிழவனை நினைவில் வைக்கவேண்டும். தொகுதி தொகுதியாக வெளியிட்டு, ஒரு வாயும் ஓதாத கவிதைகளை நூலகத்தில் அடுக்கியிருக்கும் நம்மிற் சிலருக்கு அவன் முகம் பழக்கமானதாகத் தோன்றக்கூடும்.

மூன்றாம் பாகம் வர மேலும் பதினோராண்டுகள் ஆயின. நடுவில் ஒரு வழக்காடல். பாத்திரங்கள் பிக்ஸார் கலைஞர்களின் கற்பனை. தொடர்ச்சி எடுக்கும் உரிமையோ ஒப்பந்தப்படி டிஸ்னியிடம் இருந்தது. இரு நிறுவனங்களுக்கும் உறவு கசந்தபோது, படைத்தவர்களை விலக்கிவிட்டு மூன்றாம் பாகத்தைத் தானே எடுக்க டிஸ்னி தனியாக ஒரு கூடத்தையே அமைத்தது. அங்கே கதையும் எழுதப்பட்டது: பழுதுபட்ட பஸ் பொம்மை தைவானிலுள்ள தொழிற்சாலைக்குத் திருப்பி அனுப்பப்படுவதாக. 2006-இல் டிஸ்னி 740 கோடி டாலர் மதிப்பில் பிக்ஸாரையே வாங்கிக்கொண்டது; அந்தக் கூடம் மூடப்பட்டது; கதை தூக்கி எறியப்பட்டது. அக்கூடத்தில் பணியாற்றியவர்களும் கலைஞர்களே. அவர்கள் திறமையற்றவர்கள் என்று எவரும் சொல்ல முடியாது. சட்டம் அவர்கள் பக்கம் இருந்தது. ஆயினும் தாய் உயிரோடு இருக்கையில் வேறொருத்தியிடம் பிள்ளையை வளர்க்கக் கொடுத்ததுபோன்ற உறுத்தல் அந்த ஏற்பாட்டில் இருந்தது. பதிப்புரிமை என்பது காகிதத்தில் உள்ள சொல். கதை யாருடையது என்பதற்குக் காகிதம் பாதி விடையே தரும்.

2010-இல் பிக்ஸார் எடுத்த மூன்றாம் பாகத்தில் ஆண்டிக்குப் பதினேழு வயது. கல்லூரிக்குப் போகிறான். முதற்படத்தைச் சிறுவர்களாகப் பார்த்த தலைமுறையும் அதே வயதை எட்டியிருந்தது. இன்னும் ஒரு நுட்பம். 1995-இல் ஆண்டிக்குக் குரல் கொடுத்த சிறுவன் ஜான் மாரிஸ். பதினைந்தாண்டுகள் கழித்து இளைஞனான ஆண்டிக்கும் அவரே குரல் கொடுத்தார். குரல் உடைந்து முதிர்ந்திருந்தது. பொம்மைக்கு வயதாவதில்லை, குரலுக்கு ஆயிற்று. காலம் உண்மையாகவே கடந்திருந்தால் தொடர்ச்சிக்கு ஒரு நியாயம் பிறந்துவிடுகிறது என்பது என் துணிபு. ஆண்டி தன் பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வேறொரு சிறுமியிடம் கொடுத்துவிட்டுக் காரேறிச் செல்லும் காட்சியோடு அக்கதை முற்றுப்பெற்றது. 2019-இல் நான்காம் பாகமும் வந்து ஆஸ்கர் விருதும் பெற்றது. கண்ணுக்கு நிறைவு. எனக்கு அது வெண்பாவுக்கு ஐந்தாவது அடியாகப்பட்டது.

பொம்மைக் கதையும் கார்க் கதையும் சந்திக்கும் இடம் 2006-இல் வெளிவந்த 'கார்ஸ்'. அவ்வுலகில் மனிதர் இல்லை, கார்களே உயிர்கள். மனிதரே இல்லாதபோது கதவுகளும் கைப்பிடிகளும் எதற்கு என்று என் நண்பரொருவர் இதே வாயிற்படியில் கேட்டார். விடை சொல்ல முடியாத நல்ல கேள்வி. நாம் 'மகிழுந்து' என்று மொழிபெயர்த்தோமே, அதில் மகிழ்வது ஏறியிருப்பவர். இப்படத்தில்தான் உந்து தானே மகிழ்கிறது. வழக்கமாகக் கேலிச் சித்திரக்காரர்கள் காரின் முகவிளக்குகளையே கண்களாக வரைவர். இவர்கள் முன்கண்ணாடியில் கண்களை வைத்தனர். இது புதிய உத்தியன்று. 1952-இல் டிஸ்னி வெளியிட்ட 'சூசி' என்னும் சிறு நீல நிறக் காரின் குறும்படத்தில் உள்ளதே. விற்பனைக் கூடத்தில் மின்னிய கார், பயன்பட்டுத் தேய்ந்து, பழைய கார்ச் சந்தைக்கும் பின்னர்க் குப்பைமேட்டுக்கும் போய், ஓர் இளைஞன் கையால் மறுவாழ்வு பெறும் கதை அது. எட்டு நிமிடத்தில் ஒரு முழு வாழ்வு. நேரம் கிடைப்பின் தேடிப் பாருங்கள்.

'கார்ஸ்' படத்தின் களம் அமெரிக்காவின் 66-ஆம் எண் நெடுஞ்சாலை. 1926-இல் வகுக்கப்பட்டு, சிகாகோவிலிருந்து கலிபோர்னியாவரை பல சிற்றூர்களை வாழவைத்த சாலை. ஊர்களைத் தொடாமல் விரையும் புதிய பெருஞ்சாலைகள் வந்தபின் வழிப்போக்கர் வருவது நின்றது. 1985-இல் அரசு நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்தே அது நீக்கப்பட்டது. பத்து நிமிடப் பயண நேரத்தை மிச்சம் பிடிக்க ஓர் ஊரையே இழந்தார்கள் என்பது படத்தின் துயரம். விரைந்தோடும் பந்தயக் கார் அந்த ஊரில் சிக்கிக்கொண்டு நிற்கக் கற்கிறது. நாயகனின் பெயரான மெக்வீன் என்பது நடிகர் ஸ்டீவ் மெக்வீனைக் குறிப்பது என்று பலரும் எண்ணுகின்றனர். அது 2002-இல் மறைந்த பிக்ஸார் அசைவூட்டக் கலைஞர் கிளென் மெக்வீனின் நினைவாக இடப்பட்டது. படத்தின் துணை இயக்குநர் ஜோ ரான்ஃப்ட் படம் வெளிவருமுன்னரே 2005-இல் கார் விபத்தில் மாண்டார். கார்களைச் சிரிக்கவைத்த படம் அவருக்குக் காணிக்கையாக்கப்பட்டது.

அதில் கிழட்டு நீதிபதியாக வரும் டாக் ஹட்சன் என்பது 1951-ஆம் ஆண்டின் ஹட்சன் ஹார்னட் கார். குரல் தந்தவர் பால் நியூமன். நடிப்போடு கார்ப் பந்தயத்தையும் வாழ்வாகக் கொண்டவர். 1979-இல் பிரான்சின் லெ மான் இருபத்து நான்கு மணி நேரப் பந்தயத்தில் இரண்டாம் இடம் பெற்ற அணியில் ஓட்டியவர். 2008-இல் அவர் மறைந்தார். 2011-இல் வந்த இரண்டாம் பாகம் ஒற்றர் கதையாகிச் சீர்கெட்டது, அதைக் கடந்துவிடுவோம். 2017-இல் மூன்றாம் பாகம். அதில் டாக் ஹட்சன் நினைவுக் காட்சிகளில் வந்து பேசுகிறார். முதற்படத்துக்காக ஒலிப்பதிவு செய்தபோது பயன்படாமல் எஞ்சிய நியூமனின் குரல் துணுக்குகளைத் தேடியெடுத்துப் பொருத்தினர். பிறர் குரலில் அவரைப்போல் பேசவைக்கவில்லை. அவர் உண்மையில் உச்சரித்த சொற்களை மட்டுமே எடுத்துக்கொண்டு, அவற்றுக்கேற்பக் காட்சியை அமைத்தனர். மறைந்த கவிஞரின் முற்றுப்பெறாத கையெழுத்துப் படிகளை வைத்திருப்போர் நம் வட்டத்திலும் உண்டு. விடுபட்ட சீரை நாமே எழுதி நிரப்பலாமா, புள்ளியிட்டு விடலாமா என்று சென்ற ஆண்டு இங்கே சூடான விவாதம் நடந்தது. நான் புள்ளியின் பக்கம் நின்றேன். இன்றும் அங்கேயே நிற்கிறேன்.

வெறும் கார்ப் படங்களுக்கு வருவோம். 1968-இல் பீட்டர் யேட்ஸ் இயக்கிய 'புல்லிட்' படத்தில் சான் பிரான்சிஸ்கோவின் மேடுபள்ளத் தெருக்களில் ஏறத்தாழப் பத்து நிமிடம் நீளும் துரத்தல் உண்டு. அது தொடங்கும்முன் ஒரு காரை இன்னொன்று மெல்லப் பின்தொடர்கிறது. லாலோ ஷிஃப்ரினின் இசை தவழ்கிறது. எதிரியின் கார் சீறிப் பாய்ந்த கணத்தில் இசை நின்றுவிடுகிறது. பிறகு எந்திரமும் சக்கரமுமே இசை. அகநானூற்றின் நான்காம் பாட்டில், தேன் உண்ணும் வண்டுகள் அஞ்சிக் கலையக்கூடாதென்று மணிகளின் நாவைக் கட்டித் தேரோட்டி வரும் தலைவனைக் குறுங்குடி மருதனார் காட்டுவார். இரண்டும் வேறு நோக்கம். எனினும் ஓசையை அடக்கினால் விரைவு கூடித் தெரியும் என்னும் உண்மையை நம் புலவர் திரைப்படத்துக்கு முன்பே அறிந்திருந்தார். 'புல்லிட்' துரத்தலில் ஒரே பச்சை நிற வோக்ஸ்வேகன் காரை அவர்கள் திரும்பத் திரும்ப முந்திச் செல்வர். ஒரே நிகழ்வைப் பல கோணங்களில் எடுத்து ஒட்டியதன் விளைவு. குறை கண்டுபிடிப்போர்க்கு அது விருந்து. படத்தொகுப்புக்கு ஆஸ்கர் கிடைத்ததும் இப்படத்துக்கே.

1971-இல் தொலைக்காட்சிக்காக ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் எடுத்த 'டூயல்' இதற்கு நேர்மாறு. அப்போது அவருக்கு இருபத்து நான்கு வயது. தனியே காரில் செல்லும் ஒருவனை ஒரு பழைய சரக்கு லாரி காரணமின்றித் துரத்துகிறது. லாரி ஓட்டுநரின் முகம் கடைசிவரை காட்டப்படவில்லை. காலணியும் கையும் மட்டும். காரணம் சொல்லியிருந்தால் படம் செத்திருக்கும். நல்லவேளையாக அதற்கு இரண்டாம் பாகமும் வரவில்லை. வந்திருந்தால் ஓட்டுநரின் இளமைக்காலத்தைச் சொல்லித் தொலைத்திருப்பார்கள்.

எச்.பி. ஹாலிக்கி என்பவரின் கதை வேறுவகை. 1974-இல் 'கான் இன் 60 செகண்ட்ஸ்' படத்தை அவரே எழுதி, இயக்கி, நடித்து, காரையும் தாமே ஓட்டினார். அதில் 93 கார்கள் நொறுக்கப்பட்டன. பதினைந்தாண்டுகள் கழித்து, 1989 ஆகஸ்டில், அதன் இரண்டாம் பாகத்துக்காக நீர்த்தொட்டிக் கோபுரம் ஒன்று சாய்வதைப் படமாக்க ஆயத்தம் செய்தபோது நேர்ந்த விபத்தில் இறந்துபோனார். இந்தச் செய்தியைச் சொல்லிவிட்டு நான் விளக்கம் எதுவும் சேர்க்கப்போவதில்லை.

என் உரையின் இரு பகுதிகளையும் தம் ஒரே ஆளுமையில் இணைத்துக் காட்டுபவர் ஆஸ்திரேலியரான ஜார்ஜ் மில்லர். மருத்துவம் பயின்றவர், அவசரச் சிகிச்சைப் பிரிவில் பணியாற்றிச் சாலை விபத்துகளில் சிதைந்த உடல்களைக் கண்டவர். அவர் 1979-இல் எடுத்த முதற்படமான 'மேட் மேக்ஸ்' கார்களின் வெறியாட்டம். 1981, 1985 ஆகிய ஆண்டுகளில் தொடர்ச்சிகள். பிறகு அவரே ஆடும் பென்குவின் பறவையைப் பற்றி 'ஹாப்பி ஃபீட்' என்னும் அசைவூட்டப் படத்தை 2006-இல் எடுத்து ஆஸ்கர் பெற்றார். 2011-இல் அதற்கும் இரண்டாம் பாகம். முப்பதாண்டு இடைவெளிக்குப்பின் 2015-இல் 'மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோடு'. ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் எடுக்க எண்ணியிருந்தபோது எதிர்பாராத மழை பெய்து பாலை பூத்துவிட்டதாம். முல்லையாகிவிட்ட பாலையை விட்டு நமீபியாவுக்குப் போயினர். நம் திணைக்காரர்களுக்கு இது இனிக்கும்.

உரையாடலை எழுதுமுன்னரே சுமார் 3,500 சித்திரங்களாக அப்படத்தை வரைந்துகொண்டனர். படமாக்கிய சுருள் ஏறத்தாழ 480 மணி நேரம். அதைத் தொகுத்தவர் மார்கரெட் சிக்ஸல்; மில்லரின் மனைவி; அதற்குமுன் பென்குவின் படத்தைத் தொகுத்தவர்; சண்டைப் படம் எதையும் தொகுத்தறியாதவர். இரண்டு மணி நேரத்தில் சுமார் 2,700 வெட்டுகள். ஆயினும் பார்ப்பவர்க்குக் கண் வலிப்பதில்லை, தலை சுற்றுவதில்லை. காரணம் எளியது. ஒவ்வொரு காட்சியிலும் பார்க்கவேண்டிய பொருளைத் திரையின் நடுவிலேயே வைத்தனர். வெட்டு விழும்போது கண் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஓசை விரையும்போது பொருள் நிலைத்து நிற்கவேண்டும் என்பதை வண்ணப் பாடல்களும் சிந்துகளும் இயற்றுவோர் அனுபவத்தில் அறிவர். விருதுகளில் ஆறு அப்படத்துக்கு வந்தன. தொகுப்புக்கானதும் அவற்றுள் ஒன்று. 2024-இல் அதன் முன்கதையையும் மில்லர் எடுத்தார். தொடர்ச்சிகளே எடுத்த ஒருவர் தம்மைத் தாமே நகலெடுக்காமல் இருப்பது எப்படி என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சான்று அவரே.

கடைசியாக, 2001-இல் தொடங்கிய 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' வரிசை. முதற்படத்தில் தெருப் பந்தயக்காரர்கள் சரக்கு லாரிகளை மடக்கி டிவிடி கருவிகளைத் திருடினர். 2021-இல் வந்த ஒன்பதாம் படத்தில் ஒரு காரை விண்வெளிக்கே அனுப்பிவிட்டனர். அதை விமரிசிக்க எனக்குத் தெம்பில்லை. ஆனால் 2013 நவம்பர் 30 அன்று, ஏழாம் படம் பாதி முடிந்த நிலையில், நாயகருள் ஒருவரான பால் வாக்கர், பிலிப்பைன்சுப் புயலில் பாதிக்கப்பட்டோர்க்கான நிகழ்ச்சியொன்றிலிருந்து நண்பரின் காரில் சென்றபோது விபத்தில் இறந்தார். எஞ்சிய காட்சிகளில் அவர் தம்பியர் இருவர் உடலுக்கு நின்றனர். கணிப்பொறியால் அவர் முகம் பொருத்தப்பட்டது. 2015-இல் வெளிவந்தபோது இறுதிக் காட்சியில் இரு கார்கள் அருகருகே சென்று, சாலை பிரியுமிடத்தில் ஒன்று தனியே விலகிப் போகிறது. அத்தோடு அப்பாத்திரத்தைச் சாகடித்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை. அவன் எங்கோ குழந்தைகளோடு வாழ்கிறான் என்றே அடுத்த படங்கள் சொல்லின. ஒன்பதாம் படத்தின் கடைசியில் எல்லாரும் உண்ண அமர்கின்றனர். ஒரு நாற்காலி வெறுமையாய் இருக்கிறது. அவனுடைய நீலக் கார் வாயிலில் வந்து நுழைகிறது. ஓட்டுபவர் முகத்தைக் காட்டாமலே படம் முடிகிறது. முந்தைய முகப் பொருத்தலை என்னால் முழுமனத்தோடு ஏற்க இயலவில்லை. அந்த வெற்று நாற்காலியை ஏற்கிறேன்.

நேரம் ஆகிவிட்டதென்று அமைப்பாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒரே ஒரு படம். 1969-இல் வந்த பிரிட்டிஷ் படமான 'தி இத்தாலியன் ஜாப்'. தூரின் நகரத்துப் படிக்கட்டுகளிலும் கூரைகளிலும் சிவப்பு, வெள்ளை, நீலம் என மூன்று மினி கார்கள் களவாடிய தங்கத்தோடு ஓடும். இறுதியில் ஆல்ப்சு மலைப்பாதையில் பேருந்து சறுக்கி, பாதி சாலையிலும் பாதி பள்ளத்தின் மேலுமாகத் தொங்கி நிற்கிறது. தொங்கும் முனையில் தங்கம். இந்த முனையில் திருடர்கள். தலைவன் தனக்கொரு யோசனை தோன்றியதாகச் சொல்கிறான். படம் முடிந்தது. அந்த யோசனை என்ன என்பதை இரண்டாம் பாகம் சொல்லும் என்றிருந்தனர். அது வரவேயில்லை. ஏறத்தாழ நாற்பதாண்டுகள் கழித்து, 2008-இல், இங்கிலாந்தின் வேதியியல் கழகம் ஒரு போட்டி வைத்தது. ஹெலிகாப்டர் வராமல் தங்கத்தையும் மனிதரையும் காப்பாற்ற வழி சொல்லவேண்டும். கணக்குப் போட்டுப் பலர் எழுதினர். சன்னல் கண்ணாடிகளை உடைத்து எடையைக் குறைத்து, பின்பக்க எரிபொருளை வடித்துவிட்டால் முடியும் என்ற விடைக்குப் பரிசு கிடைத்தது. விடை சரியானதுதான். அதற்குப் பிறகும் நான் அப்படத்தைப் பார்த்தேன். பேருந்து தொங்கிக்கொண்டுதான் இருந்தது.